கறுப்பை யார் உடுத்தலாம்?

சண்டாளன் என்ன உடுத்த வேண்டும் என்று மனு எழுதி வைத்திருக்கிறான். பத்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது. பிணத்தின் மேல் கிடந்த துணிதான் உடை. உடைந்த சட்டிதான் சோற்றுக்கலம். இரும்புதான் நகை. இருப்பிடம் சுடுகாட்டோரம், மலை, தோப்பு. ராத்திரியில் ஊருக்குள் தலைகாட்டக் கூடாது. பார்த்த மாத்திரத்தில் இன்னான் என்று தெரிகிற அடையாளத்தோடு திரிய வேண்டும்.

இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, மனுவின் பெயரைப் போடாமல், லண்டனிலோ லாஸ் ஏஞ்சல்சிலோ இருக்கிற ஒரு குறிப்பிட்ட ரகத்து இளைஞனிடம் நீட்டினால் அவன் ஆச்சரியப்படுவான். 'இது எங்க ஆளுகளப் பத்தியில்ல இருக்கு' என்பான். சாவு வீட்டுக் கறுப்பு, இரும்புச் சங்கிலி, மண்டையோட்டு மோதிரம், கல்லறைத் தோட்டத்தில் உலாத்தல், ராத்திரி வாழ்க்கை. ராத்திரி விஷயத்தில் மட்டும் மனுவோடு ஒத்துப்போக மாட்டான். மற்றதெல்லாம் சரி.

இவர்களைக் 'கோத்' என்கிறார்கள். 1970களின் கடைசியில் இங்கிலாந்தில் பங்க் இசை அலை அடங்கிய சமயம் கிளம்பியவர்கள். டிராகுலாவாக நடித்த பெலா லுகோசியின் சாவை வைத்து பௌஹவுஸ் என்ற குழு 1979இல் ஒரு பாட்டு வெளியிட்டது; அதிலிருந்து கணக்கு வைப்பது வழக்கம். 1982இல் லண்டன் சோஹோ பகுதியில் 'பேட்கேவ்' என்று ஒரு விடுதி வந்தது. வௌவால் குகை என்று அர்த்தம். முகத்துக்கு வெள்ளைப் பூச்சு, உதட்டுக்கும் நகத்துக்கும் கறுப்புச் சாயம். 'சுத்தமான, சந்தோஷமான, சம்பாதிக்கிற மனிதன்' என்று சமூகம் ஒரு பொம்மையைக் காட்டுகிறதே, அந்தப் பொம்மையாக இருக்க மாட்டேன் என்பதுதான் சாரம். தாட்சர் ஆட்சியில் ஆலைகள் மூடிக்கொண்டிருந்த லீட்ஸ் போன்ற வடபகுதி நகரங்களில் இது வேர்பிடித்தது தற்செயல் இல்லை என்று எனக்குத் தோன்றும். வேலை இல்லை, நாளை இல்லை என்றானபிறகு சாவைச் சட்டைபோல மாட்டிக்கொள்வது ஒருவகைப் பதில்தானே.

இவர்களைப் பற்றி இந்தப் பத்திரிகையில் என்ன பேச்சு என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

கலிபோர்னியாவில் அனாஹைம் என்ற ஊரில் 1955இல் டிஸ்னிலாந்து திறந்தார்கள். குடும்பம் குடும்பமாகப் போய்ப் பணத்தைக் கொட்டிச் சிரித்துவிட்டு வரும் இடம். 1960களில் அங்கே தலைமயிர் நீளமாக வைத்த ஆண்பிள்ளைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். 1970 ஆகஸ்ட் 6 அன்று 'யிப்பி' என்ற போர் எதிர்ப்பு இளைஞர்கள் சில நூறு பேர் உள்ளே நுழைந்து கலாட்டா செய்ததில், அன்றைக்கு நேரத்தோடு பூங்காவை மூடிவிட்டார்கள். தோற்றம் என்பது அவர்களுக்கு அவ்வளவு பெரிய விஷயம். அதே இடத்தில் 1999இல் கோத் ஆட்கள் ஒரு சிறு கூட்டமாகச் சேர்ந்து போனார்கள். பேட்ஸ் டே, அதாவது வௌவால் நாள், என்று பெயராகி வருஷா வருஷம் கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருத்தது. நிர்வாகம் நடத்திய விழா இல்லை, இவர்களாகக் கூடியதுதான். கொளுத்துகிற வெயிலில் தலையிலிருந்து கால்வரை கறுப்பு. இடுப்பில் குழந்தை, அதற்கும் கறுப்புக் கவுன். இளஞ்சிவப்புக் கோட்டைக்கு முன்னால் நின்று மொத்தமாகப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் 1969இலேயே திறந்த பேய் மாளிகைக்குள் போவார்கள். உள்ளே இருக்கிற பொம்மைப் பேய்க்கும் வரிசையில் நிற்கிறவர்களுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பார்க்க வேடிக்கையாக இருக்கிறது. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகுதான் மனுவின் பட்டியல் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு கூட்டத்தாரைச் சாவோடு சேர்த்துக் கட்டி, சாவின் அடையாளங்களை அவர்கள் உடம்பில் ஏற்றி, அதைக் காட்டியே 'தள்ளிப் போ' என்று சொன்ன நாடு இது. அதே அடையாளங்களை ஒருவன் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு உல்லாசமாகச் சுற்றுகிறான் என்றால், அது நம்மைக் கேலி செய்கிறதா? இல்லை, நமக்கு எட்டாத ஒரு சுதந்திரத்தைக் காட்டுகிறதா? இதுதான் கேள்வி.

இது கலிபோர்னியாவில் மட்டும் எழுந்த கேள்வி என்றால் விட்டுவிட்டிருப்பேன். எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

என் அக்கா ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள். போடியைச் சுற்றியுள்ள தெருக்களில் விடியுமுன் ஜீப்பு வந்து நிற்கும். பெண்களை அடைத்துக்கொண்டு போடிமெட்டுச் சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, செக்போஸ்ட் தாண்டிக் கேரளத் தோட்டங்களில் இறக்கிவிடும். பொழுது சாய மறுபடி இறங்கும். இப்படி இருபத்தெட்டு வருஷம். அவள் மகன் இஞ்சினியரிங் படித்துவிட்டு பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். அங்கேதான் இந்த இசையும் கறுப்பும் பிடித்திருக்கிறது. அவனைப் போல நாலைந்து சிநேகிதர்கள். போன வருஷம் லீவுக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தான். அம்மாவை ஒரு நாளாவது வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று ஏற்பாடு. மதுரைப் பக்கம் ஒரு தீம் பார்க்குக்கு வேன் பிடித்துப் போனோம். நான், அக்கா, மதினி, பிள்ளைகள், கறுப்பு உடுப்பு சிநேகிதர்கள் மூன்று பேர்.

'எழவு வீட்டுக்காடா கெளம்பியிருக்கோம்?' என்றுதான் அக்கா முதலில் கேட்டாள். அந்தப் பிள்ளைகள் ரொம்பப் பவ்வியமானவர்கள். 'இல்லம்மா, எங்களுக்குப் பிடிச்ச ட்ரெஸ்' என்றார்கள். பார்க் வாசலில் இருந்த காவலாளி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'சாமிமார்க ராட்டினம் ஏறலாமா?' என்று கேட்டார். கார்த்திகை மாசம். தேனி, கம்பம், குமுளிச் சாலை முழுக்கக் கறுப்பு வேட்டிதான். தாடியும் கறுப்புமாக எவன் வந்தாலும் ஐயப்ப சாமி என்று எடுத்துக்கொள்கிற மாசம் அது.

ஒன்று கவனித்தேன். சிநேகிதர்கள் மூன்று பேரும் பெங்களூர் பஸ்ஸிலிருந்தே முழுக்கோலத்தில் வந்திருக்கிறார்கள். போடி பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீ குடித்து, கடைத்தெருவைச் சுற்றியிருக்கிறார்கள். சனம் வேடிக்கை பார்த்தது, சிரித்தது. ரெண்டு பயல்கள் கூட நின்று செல்ஃபி எடுத்திருக்கிறார்கள். என் மருமகன் மட்டும் வெள்ளைச் சட்டையில் இறங்கினான். பார்க்குக்குள் போனபிறகுதான் கழிப்பறையில் போய்க் கறுப்பு மாட்டினான். ஏண்டா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. அக்காளே சொன்னாள்: 'அந்தப் புள்ளைக போட்டா வெளையாட்டுப் புள்ளைகம்பான். இவன் போட்டா இன்னார் மகனுக்கு வந்த திமிரப் பாருன்னு நாலு பேரு கூடிருவான். எதுக்குத் தம்பி வம்பு.'

மிகைப்படுத்திச் சொல்லவில்லை அவள். 2012இல் தருமபுரியில் நத்தம் முதலான காலனிகள் எரிந்த சமயத்தில், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டீ-ஷர்ட்டும் கூலிங்கிளாசும் போட்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பேசியது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ஜீன்ஸ் துணி ஒரு குற்றச்சாட்டாக மேடையில் வைக்கப்பட்டது. இதற்கு முன்மாதிரி உண்டு. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 சென்சஸ் கமிஷனராக இருந்த ஹட்டன் பதிவு செய்து வைத்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி போடக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. மண்சட்டி தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறினதற்கு வீடுகள் எரிந்தன. மனுவின் சுலோகத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாத்திரம், நகை, துணி. மனுவைப் படிக்காதவனுக்கும் மனு தெரிந்திருக்கிறது.

இதற்கு ஒன்பது வருஷம் முந்தி, பக்கத்திலே மதுரையில், இன்னொரு காரியம் நடந்தது. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தி, சட்டை வேட்டியைக் கழற்றி அரைத்துண்டுக்கு மாறினார். லண்டனில் சட்டம் படித்த பாரிஸ்டர் ஏழையின் கோலத்தை ஏற்றார் என்று நாடே உருகியது. உருகட்டும். ஆனால் அதே அரைத்துண்டு, அதே வெற்றுடம்பு, ராமநாதபுரத்துச் சேரியில் அடித்துத் திணிக்கப்பட்ட உடை. ஒருவர் கழற்றியதால் மகாத்மா ஆனார். இன்னொருவன் போட்டதால் அவன் வீடு எரிந்தது. காந்தி தம் கோலத்தை எந்த நேரமும் மாற்றியிருக்கலாம். மாற்றாதது அவருடைய உறுதி. சேரிக்காரனுக்கு உறுதி காட்டுகிற வாய்ப்பே கொடுக்கப்படவில்லை. நீதி சம்பந்தமான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். துணி ஒன்றுதான். கழற்றிவைக்க முடியுமா, முடியாதா என்பதுதான் வேறு.

பார்க்கில் இதை நேராகவே பார்த்தேன். தண்ணீரில் இறங்க வேண்டுமென்றால் நைலான் உடுப்புதான் போட வேண்டும் என்று விதி. இல்லாதவர்களுக்கு வாடகைக்குத் தருகிறார்கள். கறுப்புப் பிள்ளைகள் கறுப்பைக் கழற்றினார்கள், சங்கிலியைக் கழற்றினார்கள், முகப்பூச்சு முதல் அலையிலேயே போய்விட்டது. பத்து நிமிஷத்தில் எல்லாரும் ஒன்றுபோல நீலமும் ஆரஞ்சும். சாவைத் துவைத்து எடுத்துவிட்டார்கள். அக்காவும் ஒரு வாடகை உடுப்பை மாட்டிக்கொண்டு வெட்கத்தோடு இறங்கினாள். அவள் நகம் மட்டும் அப்படியே இருந்தது. ஏலச்செடியில் காய் மேலே தொங்காது. தூரில், மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் சரத்தில்தான் காய்க்கும். குனிந்து, இலையை ஒதுக்கி, விரலால் தடவிப் பறிக்க வேண்டும். மண்ணும் சாறும் தின்று நகக்கண் எல்லாம் கறுத்திருக்கும். அந்தச் சிநேகிதப் பிள்ளைகளில் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, 'அம்மா நீங்களும் எங்க செட்டுதான்' என்று கையைக் கோத்துக்கொண்டாள். பாசமாகத்தான் சொன்னாள். அக்காவும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

ஆனால் அந்தத் தண்ணீரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். ஆயிரம் பேர் ஒரே குளத்தில் கிடக்கிறார்கள். யார் எந்தச் சாதி என்று எவனும் கேட்கவில்லை; கேட்கவும் வழியில்லை. 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்ததற்கு அம்பேத்கர் கூட்டத்தாரின் மண்டையை உடைத்தார்கள். குளத்தைத் தீட்டுக் கழித்தார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற தொட்டியில் மலம் கலந்து கிடந்தது. அந்த நாட்டிலேயே டிக்கெட் வாங்கினால் எல்லார் உடம்பும் ஒரே தண்ணீரில். சட்டத்தால் ஆகாதது டிக்கெட்டால் ஆகியிருக்கிறது என்று சிலர் குதிக்கலாம். குதிப்பதற்கு முன் டிக்கெட் விலையைப் பார்க்க வேண்டும். தலைக்கு அக்காவின் ரெண்டு நாள் கூலி. ரெண்டு நாள் கூலிக்கு ஒரு பகல் சமத்துவம். சாயந்தரம் ஆறு மணிக்கு விசில் ஊதி வெளியேற்றிவிடுவார்கள்.

இருந்தாலும் இதை அற்பம் என்று தள்ளவும் மாட்டேன். மார்ட்டின் லூதர் கிங் 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், இனப் பிரிவினையின் கொடுமைகளை அடுக்கிக்கொண்டு வரும்போது லிஞ்சிங்கைச் சொல்கிறார், போலீஸ் அடியைச் சொல்கிறார். அதோடு ஆறு வயது மகளையும் சொல்கிறார். ஃபன்டவுன் என்ற பொழுதுபோக்குப் பூங்காவின் விளம்பரத்தை டி.வி.யில் பார்த்துவிட்டு அங்கே போக வேண்டும் என்கிறாள். கறுப்புப் பிள்ளைகளுக்கு அங்கே அனுமதி இல்லை என்று அப்பன் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பிஞ்சு மனசில் மேகம் கவிவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ராட்டினத்தை அவர் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. பால்டிமோர் பக்கம் க்வின் ஓக் பூங்கா கறுப்பின மக்களுக்குத் திறந்தது 1963 ஆகஸ்ட் 28 அன்று. வாஷிங்டனில் அவர் லட்சக்கணக்கான பேர் முன்னால் பேசிய அதே நாள். ஒரு கைக்குழந்தையை ராட்டினக் குதிரையில் உட்கார வைத்தார்கள். பல வருஷப் போராட்டம், நூற்றுக்கணக்கில் கைது, அதற்கப்புறம் ஒரு குழந்தைக்கு ஒரு சுற்று. நம் இயக்கங்கள் கோயில் நுழைவு பேசின, குளம் பேசின, பஞ்சமி நிலம் பேசின. சந்தோஷத்தை ஒரு கோரிக்கையாக வைத்ததில்லை. வைத்தால் சிரிப்பார்களோ என்று ஒரு கூச்சம்.

திரும்பிய மறுநாள், பெங்களூர்ப் பிள்ளைகள் போடிமெட்டு பார்க்க வேண்டும் என்றார்கள். மேலே போனோம். மூடுபனி இறங்கிக்கிடந்தது. அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. இந்தப் பனிக்கும் கறுப்புக்கும்தான் பொருத்தமே என்று பாறைமேல் நின்று, மரத்தில் சாய்ந்து போட்டோ எடுத்துத் தள்ளினார்கள். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அப்போது கீழே இறங்குகிற ஜீப்புகள் வரிசையாக வந்தன. உள்ளே பெண்கள். புருஷன்மாரின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்குமேல் மாட்டி, தலையில் துண்டு கட்டி, மழைக்குச் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு. அட்டைக் கடிக்குப் புகையிலைத்தூள் தடவின கால்கள். மருந்து அடித்த தோட்டத்து நாத்தம். வளைவில் ஜீப்பு உருண்டு செத்தவர்கள் கதை ஒவ்வொரு தெருவிலும் உண்டு. சாவின் பக்கத்தில் தினமும் போய்வருகிறவர்கள் இவர்கள். இவர்களை யாரும் போட்டோ எடுக்கவில்லை. பனி எல்லார்மேலும்தான் இறங்கியது.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் சுலபமாக இருக்கும். மேட்டுக்குடிப் பிள்ளைகளின் வேஷம், உழைக்கும் மக்களின் நிஜம் என்று ரெண்டாகக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகலாம். நம் பத்திரிகைகளில் அப்படி நிறையக் கிழித்திருக்கிறோம். ஆனால் ரெண்டு விஷயம் தடுக்கிறது.

ஒன்று, சோஃபி லங்காஸ்டர். இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் பேக்கப் என்ற சிற்றூர். 2007 ஆகஸ்டில் இருபது வயதுப் பெண் ஒருத்தி காதலனோடு இரவில் ஒரு பூங்கா வழியே வந்தாள். இருவரும் கோத் உடுப்பில். பையன்கள் கூட்டம் ஒன்று சூழ்ந்துகொண்டு, முதலில் அவனை அடித்து வீழ்த்தியது. அவன் தலையை மடியில் வைத்துக் காப்பாற்றப் பார்த்தவளைத் தலையிலேயே மிதித்தார்கள். ரெண்டு வாரம் கழித்துச் செத்தாள். முன்விரோதம் எதுவும் இல்லை. தோற்றம் மட்டும்தான். அவள் தாய் விடாமல் அலைந்தார். 2013இல் மான்செஸ்டர் வட்டாரப் போலீஸ், இப்படி மாற்றுக் கோலம் பூண்டவர்கள் மீதான தாக்குதலையும் இனவெறிக் குற்றம்போல வெறுப்புக் குற்றமாகப் பதிவு செய்யத் தொடங்கியது. கழற்றிவைத்துவிடலாமே என்று நான் மேலே சொன்னேன். சோஃபி கழற்றி வைத்திருக்கலாம்தான். உயிர் பிழைப்பதற்காகத் தன் கோலத்தைக் கழற்ற வேண்டும் என்று ஒருத்தியிடம் சொல்வதும், கூலிங்கிளாசைக் கழற்று என்று நம் பையனிடம் சொல்வதும் எவ்வளவு தூரம் வேறு? பிறப்பால் வந்த அடையாளம் அல்ல என்பதால் அவள் சாவு லேசாகிவிடாது.

இரண்டாவது, என் மருமகன். மலையிலிருந்து இறங்குகிற வழியில் அவனோடு பேச்சு வளர்ந்தது. நான் அம்பேத்கரைச் சொன்னேன். மனுஸ்மிருதியைக் கொளுத்திய அதே 1927 டிசம்பரில், அதே மகாத்தில், பெண்களைத் தனியே கூட்டி அவர் என்ன சொன்னார்? உங்கள் சாதியைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி சேலை கட்டாதீர்கள், கணுக்கால்வரை இறக்கிக் கட்டுங்கள், கையிலும் கழுத்திலும் சுமக்கிற அந்த மட்ட உலோக நகையைத் தூக்கி எறியுங்கள் என்றார். மனு ஏற்றிய இரும்பை இறக்கிவைக்கச் சொன்னார். அவர் போட்ட கோட்டும் சூட்டும் ஆடம்பரம் இல்லை, அது ஒரு அரசியல். 1956 அக்டோபர் 14 நாகபுரியில் லட்சக்கணக்கான பேர் வெள்ளை உடுத்தித்தான் பௌத்தம் ஏற்றார்கள். நீ என்னடாவென்றால் கழற்றி எறிந்ததைத் தேடி எடுத்து மாட்டுகிறாய் என்றேன்.

அவன் கோபப்படவில்லை. 'மாமா, எங்கம்மா என்னைய ஒரு நாளு அழுக்குச் சட்டையோட ஸ்கூலுக்கு விட்டதில்ல. மலையிலருந்து வந்து ராத்திரி பதினோரு மணிக்குத் தொவச்சுப் போடும். கிழிஞ்ச ஜீன்ஸ் ஃபேஷனா இருந்தப்பக்கூட எனக்கு வாங்கித்தரல. நம்ம போட்டா கிழிசல்ம்பான், அவன் போட்டா ஃபேஷன்ம்பான்னு சொல்லும். ஆபீஸ்லயும் நாந்தான் அயர்ன் பண்ணுன சட்டை. நல்லா உடுத்துனாலும் பாக்குறான், மோசமா உடுத்துனாலும் பாக்குறான். பாக்கத்தான் போறான்னா, எதைப் பாக்கணும்னு நான் முடிவு பண்ணிக்கிறேன்' என்றான்.

இதற்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை, ஆனாலும் யோசிக்கிறேன். சுத்தமாக இரு, நேர்த்தியாக இரு என்பது நம் தாய்மார்கள் நமக்குப் போட்ட கவசம். அடி வாங்காமல் இருக்க, அவமானப்படாமல் இருக்க. கவசம் என்றாலே எதிரி இருக்கிறான் என்று பொருள். காலம் முழுக்கக் கவசத்தோடு தூங்க முடியுமா? சாதி இந்து வீட்டுப் பிள்ளை தலை சீவாமல் அலைந்தால் கவிஞன் என்கிறார்கள், கலைஞன் என்கிறார்கள். நம் பிள்ளை அலங்கோலமாக இருக்கிற உரிமையை யாரிடம் வாங்குவது? அம்பேத்கர் மகாத்தில் சொன்னது, பிறர் ஏற்றிய அடையாளத்தை இறக்கு என்பது. நீயாக எதையும் ஏற்றக் கூடாது என்று அதற்குப் பொருள் கொண்டால், ஒரு விதியை எடுத்துவிட்டு இன்னொரு விதியை வைத்ததாகிவிடும்.

பௌத்தத்திலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. ஆதியில் பிக்குகள் உடுத்தியது பாம்சுகூலம். குப்பையிலும் சுடுகாட்டிலும் கிடந்த துணியைப் பொறுக்கித் துவைத்துத் தைத்த அங்கி. மனு சண்டாளனுக்கு விதித்த அதே பிணத்துணி. சங்கத்தில் சத்திரியனும் நாவிதனும் தோட்டியும் அதைப் போர்த்திக்கொண்டு ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். ஒருவனுக்கு மட்டும் இழிவாக இருந்த துணி எல்லாருக்கும் பொதுவானபிறகு யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. காந்தியின் அரைத்துண்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். அவர் தனியாக உடுத்தினார், பக்கத்தில் சேரிக்காரன் சேரிக்காரனாகவே நின்றான். சங்கத்தில் தோட்டியும் உள்ளே இருந்தான்.

பறையிலும் இதே சண்டைதான் நடந்தது. 1990களில் பல சேரிகளில் இனி ஊர் இழவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று தூக்கிப் போட்டார்கள். அதற்காக அடியும் வாங்கினார்கள். அதே வருஷங்களில் மதுரையிலும் மற்ற ஊர்களிலும் தலித் கலைவிழா மேடைகளில் பறை விடுதலையின் கருவியாக முழங்கியது. எது சரி என்று இந்த மாதிரிப் பக்கங்களில் அடித்துக்கொண்டோம். இன்றைக்குக் கல்லூரியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பறை கற்கிறார்கள். நல்லதுதான். ஆனால் 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், பாதை கிடைக்காமல் ஒரு தலித்தின் பிணத்தைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். மேடையில் பறை ஏறியிருக்கிறது. சுடுகாட்டுக்குப் பாதை வரவில்லை. அடையாளத்தை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள், அதன் பாரத்தை எடுத்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. அந்தப் பெங்களூர்ப் பெண்ணிடம் எனக்கு இருக்கிற பிணக்கும் இதுதான், கறுப்பு உடுத்தியது இல்லை. கையைக் கோத்து 'நீங்களும் எங்க செட்டு' என்றவள், அந்த நகம் எப்படிக் கறுத்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அக்கா நாள் முழுக்கச் சொல்லியிருப்பாள், அவளுக்குப் பேசப் பிடிக்கும்.

பெரியார் 1945இல் கருஞ்சட்டைப் படை கண்டபோது, கறுப்பு நம் இழிவின் அடையாளம், இழிவு நீங்கும்வரை உடுத்துவோம் என்றார்கள். அதாவது ஒரு நாள் கழற்றுவதற்காக உடுத்திய கறுப்பு. கழற்றுகிற நாள் வரவில்லை. சட்டைதான் பலரிடம் சீருடையாகிவிட்டது. அதைப் பேசினால் வேறு கட்டுரை ஆகும்.

மருமகன் இப்போது ஒரு உபாயம் கண்டுபிடித்திருக்கிறான். லீவை எல்லாம் சேர்த்துவைத்துக் கார்த்திகை, மார்கழியில்தான் ஊருக்கு வருகிறான். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, தாடி. நகச்சாயம் மட்டும் இல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் தெருவரைக்கும் நடந்தே வருகிறான். ஊர்த்தெருவில் திண்ணையில் இருக்கிற பெரிசுகள், 'மாலை போட்டிருக்கியாப்பா?' என்று மரியாதையாகக் கேட்கிறார்கள். ஆமாங்கய்யா என்கிறான். 'சாமி' என்றுகூட ஒருவர் சொன்னாராம், வாழ்நாளில் முதல் தடவை. அக்காவுக்குத்தான் பயம், கழுத்தில் மாலை இல்லையே, எவனாவது உற்றுப் பார்த்தால் என்ன பண்ணுவாய் என்று. சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொள்கிறான். தை பிறந்ததும் எல்லாவற்றையும் துவைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு வெள்ளைச் சட்டையில் பெங்களூருக்குப் பஸ் ஏறுகிறான்.